ஆவடியில் ஒரு கார்பெண்டர்

ஆல்வினுக்கு,

போன வியாழக்கிழமை மதியம் நீ அனுப்பிய செய்தியைப் பலமுறை படித்துவிட்டேன். "அப்பா, ஜெர்மனி டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிடுச்சு. அந்த கேம் பெட்டி இங்க சும்மா இடத்த அடைச்சிட்டிருக்கு. உங்களுக்கு வேணும்னா வண்டி வெச்சு எடுத்துக்கோங்க. இல்லன்னா மாமா யாருக்காவது குடுத்துடறேன்னு சொல்றாரு." அதற்குக் கீழே கைகூப்புகிற பொம்மை ஒன்று. அப்போதே பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது அந்தச் சின்னத் திரையில் அடங்குகிற மாதிரி இல்லை. அதனால்தான் காகிதம். இதை உறையில் போடுவேன், ஆனால் ஒட்ட மாட்டேன். உன் கையில் கொடுக்காமல் மருமகள் நிவேதா கையில் கொடுக்கப் போகிறேன். அவள் படித்தாலும் சரி, உன் மாமனார் வாங்கிப் படித்தாலும் சரி. படித்துவிட்டு யார் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படுகிற கட்டத்தை நான் தாண்டியாயிற்று.

வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைக்கு அப்பன் எழுதுகிற கடிதம் என்றால் குளிருக்கு நல்ல சட்டை எடுத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே, வயிற்றைப் பார்த்துக்கொள் என்றுதான் இருக்க வேண்டும். அதையெல்லாம் அந்த வீட்டில் ஏற்கனவே சொல்லியிருப்பார்கள். வாங்கியும் கொடுத்திருப்பார்கள். எனக்குச் சொல்ல மிச்சம் இருப்பது அந்தப் பெட்டியைப் பற்றித்தான். அதை முதலில் இருந்து சொல்கிறேன், ஏனென்றால் நிவேதாவுக்கு முதல் பாதி தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தும் நீ யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பெட்டிக்குள் வைத்தோமே, அந்த டிவி கேமை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது உன் அம்மா ஸ்டெல்லா. நீ அப்போது ஐந்தாவதோ ஆறாவதோ. அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு பாரிமுனைக்குப் போய், ஒரு சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு ரிமோட், மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட் எல்லாம் வாங்கி வந்தாள். பிள்ளைக்கு என்றுதான் சொன்னாள். நீ பத்து நாள் ஆடினாய், அப்புறம் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாய். உன் அம்மா விடவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு, குக்கர் விசில் வரும் வரைக்கும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விமானம் ஓட்டுவாள். மேலேயிருந்து எதிரி விமானங்கள் கூட்டம் கூட்டமாக வரும். அவள் திரையைப் பார்த்துத் திட்டுவாள். "டேய், இன்னாடா இது, வந்துகினே கீறானுங்க! போடா அந்தாண்ட!" கொரட்டூர் பேச்சு அவளுக்குக் கடைசி வரைக்கும் மாறவில்லை. நான் ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த டுப்பு டுப்பு சத்தமும் அவள் குரலும் கேட்கும். தெருவில் எந்தப் பையனும் அவளை ஜெயித்ததில்லை. நம் ஆவடி சேக்காட்டில் அவளுக்குப் பெயரே கேம் ஆன்ட்டிதான்.

அவளுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி, பாதி நாள் படுக்கை என்று ஆன காலத்தில் நீ புனேயில் இருந்தாய். நீ வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்தாய். வந்த நாட்களில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தாய். கீழே அவள், "புள்ளைக்கு வேலை ஜாஸ்தி, கூப்புடாத" என்று என் வாயை அடைத்துவிடுவாள். அந்தக் கடைசி மழைக்காலத்தில் பரணில் இருந்த டிவி கேமை இறக்கச் சொன்னாள். டயாலிசிஸ் ஊசி ஏற்றுகிற கையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ரிமோட்டைத் தலையணை மேல் வைத்து ஒரு கையாலேயே ஆடினாள். சீக்கிரம் தோற்றுப்போவாள். தோற்றால் சிரிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு ரிமோட்டைப் பிடித்துக்கொள்வேன். எனக்கு அந்த ஆட்டம் இன்றைக்கும் வராது. அவளுக்குத் துணையாக இன்னொரு விமானம் திரையில் பறக்க வேண்டும், அவ்வளவுதான். அடக்கம் முடிந்த மூன்றாவது நாள் நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது நான் வாசலுக்கு வரவில்லை. அதற்கப்புறம் நாம் பேசிக்கொண்டதெல்லாம் கரண்ட் பில்லும் மாத்திரையும்தான்.

பிறகு நீ அம்பத்தூருக்கே மாற்றலாகி வந்தாய். உனக்கு ஆபீஸ் பக்கத்திலேயே வாடகை வீடு இருந்தது, நான் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தால் நீ வாசலில் நின்றுகொண்டிருக்கிறாய். உள்ளே வந்ததும் போனை நீட்டினாய். "அப்பா, இத பாருங்க. அந்த காலத்துல கேம் கடையில இருக்கும்ல, காசு போட்டு ஆடற ஆளுயரப் பெட்டி. வெளிநாட்டுல அத வாங்கி, உள்ள இருக்கறத எல்லாம் எடுத்துட்டு, வீட்டு கேம உள்ள வெச்சு ரெடி பண்றாங்க. அம்மாவோட டிவி கேம் இருக்குல்ல? நாம ஒண்ணு பண்ணலாமா?" நாம என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இமயமலையைக்கூட அறுத்துக் கொடுத்திருப்பேன்.

நிவேதாவுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முன்பு ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. கடை மூடிப் பல வருஷம் ஆகிறது. அதன் சொந்தக்காரர் வீட்டுக் கொட்டகையில் ஒரு பெட்டி மட்டும் மிச்சம் இருப்பதாகக் கேள்விப்பட்டு நாம் இருவரும் என் வண்டியில் போனோம். நீ ஓட்டினாய், நான் பின்னால். அந்த மனிதர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கொட்டகைக் கதவைத் திறந்தார். "அண்ணாத்தே, இத்த எடுத்துகினு போனா எனக்குப் புண்ணியம். உள்ள கோயி பூந்துகினு முட்ட வுடுது. தொரத்துனா வர மாட்டேங்குது" என்றார். உண்மையாகவே உள்ளே ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. படக்குழாய் உடைந்து, அடிப்பலகை கரையான் அரித்து, பட்டன் இருந்த இடமெல்லாம் ஓட்டையாக இருந்தது. நீ என்னைப் பார்த்தாய். "வேலைக்கு ஆகுமாப்பா?" நான் பக்கப் பலகையைத் தட்டிப் பார்த்தேன். நல்ல கெட்டிப் பிளைவுட். "ஆகும்" என்றேன்.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான், ஆல்வின், உன் அம்மா போன பிறகு எனக்குக் கிடைத்த நல்ல நாட்கள். மரவேலை என்னுடையது, ஒயர் வேலை உன்னுடையது. மெயின்டனன்ஸ் ஃபிட்டராக வேலை பார்த்தவனுக்கு இரும்பு பழக்கம், மரம் அவ்வளவு பழக்கமில்லை. முதல் அடிப்பலகையைக் கோணலாக அறுத்துவிட்டு உன்னிடம் காட்டாமல் மறைத்து வைத்தேன், நீ கண்டுபிடித்துச் சிரித்தாய். உடைந்த குழாய்க்குப் பதிலாக நம் ஹாலில் இருந்த பழைய டப்பா டிவியையே கழற்றி உள்ளே வைக்கலாம் என்று நீதான் சொன்னாய். பின்மூடியைத் திறந்ததும் நீ கையை உள்ளே விடப் போனாய், நான் கத்தினேன். அணைத்து வைத்திருந்தாலும் படக்குழாயில் கரண்ட் தங்கியிருக்கும், ஆளையே தூக்கி எறியும். ஒயர் கட்டிய ஸ்க்ரூ டிரைவரை வைத்து அதை இறக்கியபோது 'டப்'பென்று ஒரு பொறி வந்தது. நீ என் தோளைப் பிடித்துக்கொண்டாய். நீ பெரியவனான பிறகு என்னைத் தொட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் ரிமோட் ஒன்றைப் பிரித்து, அதில் பட்டன் படுகிற இடங்களில் மெல்லிய ஒயர்களைப் பற்றவைத்து, அதைப் புது ஜாய்ஸ்டிக்குக்கும் பட்டன்களுக்கும் இழுத்தாய். இன்னொரு ரிமோட்டைத் தொட வேண்டாம் என்று நான் சொன்னேன், சரி என்று விட்டுவிட்டாய். காசு போடுகிற துவாரத்தில் ஒரு ரூபாய் விழுந்தால் ஆட்டம் ஆரம்பிக்கிற மாதிரி ஒரு சுவிட்ச் வைத்தாய். உள்ளே சூடு ஏறாமல் இருக்கப் பின்பக்கம் சின்ன ஃபேன். டிவி கேமை வைக்க நான் அளவெடுத்து ஒரு தட்டு அடித்து, அதன் கீழே ரப்பர் ஒட்டினேன். வேலை நடக்கும்போது நாம் நிறையப் பேசவில்லை. ஆனால் நிவேதாவைப் பற்றி நீ சொன்னது அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோதுதான். "அப்பா, டார்ச்ச கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்க. அப்புறம், ஒரு பொண்ணு இருக்கு. பேரு நிவேதா. நம்ம வேதம் இல்ல." முகத்தைப் பார்க்காமல் சொல்வதற்கு உனக்கு அது வசதியாக இருந்தது. எனக்கும் வசதியாகத்தான் இருந்தது, நான் சிரித்ததை நீ பார்க்கவில்லை. "சாலிடர் சரியா புடிச்சுதா பாரு" என்றேன். என் சம்மதத்தை அப்படித்தான் சொன்னேன், நீயும் புரிந்துகொண்டாய்.

முதல்முறை போட்டபோது மேலே தள்ளினால் விமானம் கீழே வந்தது. இரண்டு ஒயரை மாற்றிப் பற்றவைத்திருந்தாய். அதைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் போட்டோம். அந்தப் பாட்டு வந்தது. ஹாலில் பல மாதமாகக் கேட்காத சத்தம். நீ ஆட ஆரம்பிக்காமல் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி நின்றாய். "அம்மா பாத்திருக்கணும்ப்பா" என்றாய். அதை நீ சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு கசப்பு இருந்திருக்காது.

ஏனென்றால் அந்தப் பெட்டி யாருக்கு என்று நான் உன்னைக் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. ஸ்டெல்லாவின் டிவி கேம், ஸ்டெல்லாவின் டிவி, ஸ்டெல்லாவின் வீடு. ஹாலில் ஷோகேஸை நகர்த்தி இடம் பண்ணினேன். அந்தச் சுவரில் ஒரு பிளக் பாயிண்டும் போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ அதைப் பார்த்தாய். "எதுக்குப்பா இங்க புதுசா பிளக்?" என்று கேட்டாய். "பெட்டிக்குத்தான்" என்றேன். நீ "ம்" என்றாய். அந்த "ம்"மை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். அப்போது நீ சொல்லியிருக்கலாம். எனக்கு வருத்தமாக இருந்திருக்கும், ஒரு நாளோ இரண்டு நாளோ. நானே பிறகு வண்டி பிடித்து அனுப்பி வைத்திருப்பேன். நீ பொய் சொல்லவில்லை ஆல்வின், அது எனக்குத் தெரியும். ஆனால் பொய் சொல்லியிருந்தால் உன்னோடு சண்டையாவது போட்டிருக்கலாம்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு வேலை நாளில், வாசலில் ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, "சார், திருவேற்காடு போற லோடு இதானா? கேம் மிஷின்னாங்க" என்றான். நான் தப்பான வீட்டுக்கு வந்துவிட்டான் என்று நினைத்தேன். அவன் உன் நம்பரைக் காட்டினான். உனக்குப் போன் செய்தேன். "அப்பா, மீட்டிங்ல இருக்கேன். பத்திரமா ஏத்தி அனுப்புங்க. சாயங்காலம் வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டாய். திருப்பி அனுப்பியிருக்கலாம். பெயின்ட் உரசிவிடக் கூடாதே என்று உன் அம்மாவின் போர்வைகளைச் சுற்றிக் கட்டி, நானும் ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டேன். டிரைவர், "நல்லா செஞ்சிகிறாங்க சார், எங்க வாங்கனது?" என்று கேட்டான். "நாங்களே செஞ்சது" என்றேன். எப்படிப்பட்ட பெருமை பார், வண்டி கிளம்பும்போதுகூட.

சாயங்காலம் நீ வரவில்லை, போனில்தான் சொன்னாய். "நிவேதா வீட்டுல மாடி முழுசா எங்களுக்குக் குடுத்துட்டாங்கப்பா. கல்யாணத்துக்கு அப்புறம் அங்கதான். அவளுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் பெட்டிய..." என்று இழுத்தாய். பெட்டி திரும்பி வராது என்பதும் நீ இங்கே குடிவரப்போவதில்லை என்பதும் எனக்கு ஒரே போனில் தெரிந்தது. நம் வீட்டு மாடி அறைக்கு நான் வெள்ளையடித்து வைத்திருந்ததை அப்போது உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த அறையில் இப்போது பழைய நாற்காலிகள் கிடக்கின்றன.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. நிவேதாவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. என்னை மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். அவள் அம்மா அப்பாவையும் குறை சொல்ல மாட்டேன், மரியாதை தெரிந்தவர்கள். நான் கசந்துபோனது உன் பதவி உயர்வுக்கு நீ வைத்தாயே ஒரு விருந்து, அந்தச் சாயங்காலத்தில்.

திருவேற்காடு இங்கிருந்து எவ்வளவு தூரம்? ஒரு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். உன் ஆபீஸ் ஆட்கள் நிறையப் பேர். எல்லோரும் மாடி ஹாலில் பெட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். மேலே நீலமும் சிவப்புமாக விளக்குப் பட்டை ஒட்டியிருந்தாய், பக்கவாட்டில் நான் அடித்த பச்சைப் பெயின்ட்டின் மேல் ஏதோ படம் போட்ட ஸ்டிக்கர். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் கையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். உன் மேலதிகாரி, அந்தக் கண்ணாடி போட்டவர், பெட்டியைத் தட்டிப் பார்த்து, "சூப்பரா இருக்கே ஆல்வின், இது எங்க கிடைச்சுது?" என்று கேட்டார். நீ என்னைப் பார்க்கவில்லை. நான் அங்கே நின்றது உனக்குத் தெரிந்திருக்காது என்று அப்போதைக்கு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். "டிசைன் என்னோடது சார்" என்றாய். "ஆவடியில ஒரு கார்பெண்டர் இருக்காரு. அவர்கிட்ட குடுத்துப் பண்ணேன்."

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை, நான் ஐஸ்கிரீமை முடித்துவிட்டு வந்திருப்பேன். பாவம் நிவேதா, அவளுக்கு ஒன்றும் தெரியாது. என்னைப் பார்த்து ஓடி வந்து, "மாமா, ஏன் இங்க தனியா நிக்கறீங்க?" என்று கையைப் பிடித்து அங்கேயே கூட்டிக்கொண்டு போனாள். "சார், இவர்தான் ஆல்வினோட அப்பா. ஆவடியில இருக்காங்க." உன் மேலதிகாரி நல்ல மனிதர். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். "ஆவடியா சார்? அப்ப அந்தக் கார்பெண்டர உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே! அவர் நம்பர் குடுங்க சார். என் பசங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு வாங்கணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். போனில் ஒன்றுமில்லை, திரை கறுப்பாக இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு என்னவெல்லாமோ சொல்லத் தோன்றியது. நீ ஒரு தடவை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்திருந்தால் போதும், விளையாட்டாகச் சிரித்து, "அந்தக் கார்பெண்டர் நான்தான் சார்" என்று சொல்லி எல்லாவற்றையும் சரிசெய்திருப்பேன். நீ நிமிரவே இல்லை. "அவர் இப்ப வேலை எடுக்கறதில்ல சார்" என்றேன். "ஏன் சார், வயசாயிடுச்சா?" என்று கேட்டார். "ஆமா சார், ஆளு ஓஞ்சுட்டாரு" என்றேன். "அடடா" என்றார்.

ஆட்டோ ஏறும்போது கேட் வரைக்கும் வந்து "தேங்க்ஸ்ப்பா" என்றாய். எதற்கு என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் என்னை முடித்தது. நீ என்னைக் கவனிக்காமல் பேசிவிட்டாய் என்று நான் கட்டி வைத்திருந்த சமாதானம் அதில் உடைந்துபோயிற்று. நான் அங்கே நிற்பது தெரிந்துதான் சொல்லியிருக்கிறாய். நான் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்றும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

ஏன் சொன்னாய் என்று யோசித்தேன். அப்பன் தொழிற்சாலையில் ஃபிட்டர் என்பதற்கு வெட்கமா? உன் படிப்பும் உன் சம்பளமும் அந்த வேலையில் இருந்து வந்தவை என்று நான் பாட்டுப் பாடப் போவதில்லை. எல்லா அப்பன்களும் அதைத்தான் பாடுகிறார்கள். ஒருவேளை வெட்கம்கூட இல்லையோ என்னவோ. அப்பாவும் நானும் செய்தோம் என்று சொன்னால், ஏன் செய்தீர்கள், யாருடைய டிவி கேம் என்று அடுத்த கேள்வி வரும். அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும். அதைவிட ஒரு கார்பெண்டர் சுலபம். இப்படி உனக்காக நானே ஒரு காரணம் தயாரித்துக் கொடுக்கிறேன் பார். இதையும் நீ எடுத்துக்கொள்வாய்.

இரண்டு வாரம் கழித்து நான் அங்கே வந்தது உனக்குத் தெரியாது. நீயும் நிவேதாவும் ஆபீஸில் இருந்தீர்கள். ரெக்ஸின் பையில் ஸ்க்ரூ டிரைவரும் ஒரு பழைய துண்டும் வைத்துக்கொண்டு வந்தேன். உன் மாமனார்தான் கதவைத் திறந்தார், பையில் நீட்டிக்கொண்டிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். "வாங்க சம்பந்தி, சொல்லாம வந்திருக்கீங்க, மிஷின்ல ஏதாவது ரிப்பேரா?" என்றார். "ஆமாங்க, உள்ள ஒரு பார்ட் கழட்டணும்" என்றேன். "தாராளமா" என்று மாடிக்கு அனுப்பிவிட்டு, நிவேதாவின் அம்மாவிடம் காபி போடச் சொன்னார். நீ எனக்குக் கொடுத்த வேஷம் அன்றைக்குத்தான் பயன்பட்டது. வேலைக்கு வந்த ஆளை யாரும் கூடவே நின்று பார்ப்பதில்லை.

பின்பலகையைக் கழற்றினேன். தட்டு நான் அடித்தபடியே இருந்தது. ஸ்டெல்லாவின் டிவி கேம் அதில் தூசி படிந்து உட்கார்ந்திருந்தது. அடிப்பக்கம் அவள் பிளாஸ்திரி ஒட்டித் தன் பெயரை எழுதியிருப்பாள், பக்கத்து வீட்டுப் பையன்கள் மாற்றி எடுத்துப் போய்விடக் கூடாது என்று. அது அப்படியே இருந்தது. ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கேசட்டோடு சேர்த்துத் துண்டில் சுற்றிப் பையில் போட்டேன். பின்பலகையை மறுபடியும் மூடி எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கினேன். கீழே வந்து காபி குடித்தேன். காபி நன்றாக இருந்தது. "சரியாயிடுச்சா?" என்று உன் மாமனார் கேட்டார். "ஆயிடுச்சுங்க" என்றேன். அந்த நல்ல மனிதரிடம் பொய் சொன்னதுதான் எனக்கு இதில் இருக்கிற ஒரே உறுத்தல். எடுத்ததற்காக இல்லை. அது என் பெண்டாட்டியுடையது.

அதற்கப்புறம் உன் போனுக்காகக் காத்திருந்தேன். காசு போட்டால் ஆட்டம் வரவில்லை, திரை வெறுமையாக இருக்கிறது என்று நீ கூப்பிடுவாய். என்னாச்சுப்பா என்பாய். அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், நீ கத்துவாய், நானும் கத்துவேன், ஏதோ ஒன்று நமக்குள் ஆரம்பமாகும் என்று நினைத்தேன். முதல் வாரம் போனை எங்கு போனாலும் கையிலேயே வைத்திருந்தேன். கிறிஸ்துமஸ் வந்தது, கேக் டப்பாவோடு ஒரு அரை மணி நேரம் வந்துவிட்டுப் போனாய். ஒன்றும் சொல்லவில்லை. பொங்கலுக்கு நிவேதா போன் செய்தபோது நானே கேட்டேன், "பெட்டி நல்லா இருக்காம்மா?" என்று. "சூப்பரா இருக்கு மாமா! வர்றவங்க எல்லாம் அது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க." "ஆடறீங்களா?" என்றேன். "எங்க மாமா நேரம்? லைட்ட மட்டும் தினம் சாயங்காலம் போட்டுடுவோம்" என்றாள். வெகுளிப் பெண். தவக்காலம் முடிந்து ஈஸ்டரும் போனது. மாதக்கணக்கில், ஆல்வின், ஒரு ரூபாய்கூட அந்தத் துவாரத்தில் விழவில்லை. ஒருத்தர்கூட அதைத் தொடவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டிக்குத் தினமும் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். போன வியாழக்கிழமை, எனக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருக்கிறாய்.

வேண்டாம். யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடு, பலகை நல்ல பலகை. உன் அம்மாவின் டிவி கேம் இங்கே ஹாலில் புது டிவியோடு இருக்கிறது. நீ பிரிக்காமல் விட்ட ரிமோட்டை வைத்துச் சாயங்காலத்தில் ஆடுகிறேன். இரண்டாவது கட்டம் வரைக்கும்தான் எனக்கு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னா பெர்சு, சின்னப் புள்ள மாரி" என்று கேலி செய்கிறார். செய்யட்டும்.

அறிவுரை என்று ஒன்று சொல்லாமல் முடித்தால் அப்பன் கடிதம் ஆகாது. யாரிடமாவது உதவி கேட்டால், அது எதற்கு, யாருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடு. நீ கேட்டால் செய்துவிடுவார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் செய்கிறபோது மனதுக்குள் வேறு ஒரு வீட்டைக் கட்டிவிடுவார்கள், அதைப் பிறகு இடிக்க உன்னால் ஆகாது. நிவேதாவிடம் இதை ஒருநாளும் செய்யாதே. அவள் கேள்வி கேட்காமல் நம்புகிற ரகம். நானும் அதே ரகம்தான், என் கதியைப் பார். அவள் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னிடம் சண்டை போட்டால் பதில் பேசாமல் கேட்டுக்கொள். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவள் உன்னை இழுத்துக்கொண்டு வந்தால், வராதே. அவள் சொல்லி நீ கேட்கிற மன்னிப்பு எனக்குத் தேவையில்லை.

கோபம் தணிந்து எழுதுகிற கடிதம் இல்லை இது. நான் செத்த பிறகு படிக்க எடுத்து வைத்த கடிதமும் இல்லை. உயிரோடு, நல்ல ஞாபகத்தோடு, கோபத்தோடு எழுதுகிறேன். கோபம் இருக்கிற வரைக்கும் நீ எனக்கு மகன்தான். அது போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று எனக்கே தெரியவில்லை, அதனால் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்லி நிவேதா நேற்று போன் செய்தாள். வண்டி அனுப்புகிறேன் என்றாள். முட்டி வலி என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். உன் ஆபீஸ் ஆட்கள் வழியனுப்ப வருவார்கள். யாராவது ஒருத்தர் என்னைப் பார்த்துவிட்டு, இவர் யார் என்று உன்னைக் கேட்பார். நீ சரியான பதிலைச் சொன்னாலும் சொல்வாய். ஆனால் நீ வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நொடி இருக்குமே, அந்த ஒரு நொடி பக்கத்தில் நிற்க எனக்குத் தெம்பு இல்லை.

அப்பா